ஓடு மட்டும் எங்களூர்

சிப்பி விழாச் சிறப்பு விருந்து, ஆளுக்கு முப்பத்தெட்டு யூரோ.
கரும்பலகையில் எழுதி வாசலில் சாத்தியிருந்தார்கள்.
பாதி எழுத்தை மழை குடித்துவிட்டிருந்தது.

கொல்வென் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான்.
கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில்
இந்த உணவகத்துக்குள் முன்வாசல் வழியாக
நாங்கள் நுழைவது முதல் தடவை.
பின்வாசல் தெரியும். மூட்டை இறக்கும் வாசல்.

நனைந்த கோட்டுகளின் நாய் வாடை.
வெளியே கூடாரத்தில் பைக்குழல்காரர்கள்
ஒரே மெட்டை மூன்றாம் முறை ஊதிக்கொண்டிருந்தார்கள்.
கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மேசை எங்களுக்கு.
கதவு திறந்தபோதெல்லாம்
கை உலர்த்தும் இயந்திரம் எங்கள் பேச்சை முடித்துவைத்தது.

முதலில் ஒரு சூப்.
சூடாக இருந்திருந்தால் அதையாவது சொல்லியிருப்பேன்.

நாற்பது நிமிடம்.
ரொட்டிக் கூடையின் துகள்களை
கொல்வென் விரலால் ஒற்றி ஒற்றித் தின்று முடித்தான்.

பிறகு வந்தது.
பெரிய ஓடு, அதற்குள் மூன்று சிப்பி,
பூசணி மசியல், மேலே ஏதோ நுரை,
துவைத்து முடித்த வாளியில் கடைசியாக மிதக்குமே, அது.

நான் சிப்பி உடைக்கிறவள்.
விடிகாலை ஐந்து முதல் மதியம் ஒரு மணி வரை
கூடத்தில் முப்பது பெண்கள் நிற்போம்.
கத்தியை நுழைத்து, தசையை அறுத்து, குடலை வழித்து
நிமிடத்துக்கு ஆறு.
கை முதலில் சொல்லும், கண் அப்புறம்தான் பார்க்கும்.
முள்கரண்டி பட்டவுடனே கை சொல்லிவிட்டது,
இது நம்முடையது இல்லை.

ஓரத்தில் ஆரஞ்சு நாக்கு.
நவம்பரில் எங்கள் விரிகுடாச் சிப்பிக்கு நாக்கு கிடையாது.
வெட்டினேன்.
எடைக்காக எங்கோ குடிக்கவைத்த தண்ணீரை
சொட்டுச் சொட்டாகத் தட்டில் திருப்பிக் கொடுத்தது.

ஓடு மட்டும் எங்களூர்.
வருடக் கோடுகளை எண்ணினேன், நான்கு.
எத்தனை முறை பாத்திர இயந்திரத்தில் சுழன்றதோ,
விளிம்பெல்லாம் வழவழவென்று.
என் கத்தி பட்ட வடு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன்.
இல்லை. அப்படியெல்லாம் நடக்காது.

ஜன்னலுக்கு வெளியே
பாரிஸ் எண் பலகை கொண்ட காரின் டிக்கியில்
பத்துக் கிலோ மூட்டை ஒன்றை இருவர் ஏற்றினார்கள்.
பச்சை வலை, நீலச் சீட்டு. கொல்வெனின் படகு.
நேற்று அவன் கட்டியது.
அவன் பார்த்தான். நான் பார்த்ததையும் பார்த்தான்.
வீட்டில் உப்பு குறைந்தால் மூன்று நாள் பேசுகிறவன்
நுரையை வழித்துத் தின்றான்.

பரிமாறியவன் தித்துவான், நோலுவென்னின் இளையவன்.
அவன் அம்மா என் இடப்பக்கம் நின்று சிப்பி உடைக்கிறாள்.
"எல்லாம் நன்றாக இருந்ததா?"
கேட்கும்போதே காது சிவந்துவிட்டது.
"இருந்தது" என்றேன்.
"மசியல் நன்றாக இருந்தது" என்றான் கொல்வென்.
அது உண்மை.

பையன் தட்டை எடுக்கும் சாக்கில் குனிந்தான்.
"நம்ம சிப்பி கிடைக்கலை அத்தை.
முதலாளி கேட்ட விலைக்கு ஒரு படகும் தரலையாம்.
எல்லாம் கூடாரத்துக்கே போயிடுச்சு."

கிலோவுக்கு அரை யூரோ கூடக் கொடுத்தார்கள் கூடாரத்தில்.
கணக்குப் போட்டவள் நான்தான்,
சமையலறை மேசையில், மின்கட்டண உறையின் முதுகில்.
அந்த அரை யூரோக்களில்தான்
இந்த விருந்துக்கு வந்திருந்தோம்.

தித்துவானுக்கு ஐந்து யூரோ வைத்துவிட்டு எழுந்தோம்.

பசி போகவில்லை.
படகுத்துறை முனையில் ஒரு வண்டியில்
கோதுமைத் தோசைபோல் கருப்பாக ஒன்று சுட்டு
உள்ளே இறைச்சிக் குழலை வைத்துச் சுருட்டித் தந்தார்கள்.
அது அமிர்தமாக இருந்தது என்று சொன்னால்
கதை நன்றாக முடியும்.
அதுவும் ஆறிப்போயிருந்தது.

கடுகுச் சாறு அவன் சட்டையில் ஒழுகியது.
கோட்டுப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்தான்,
வெள்ளை, கஞ்சி போட்டது, மூலையில் சிப்பிப் பூவேலை.

"எடுத்துட்டு வந்துட்டியா?"

"முப்பத்தெட்டு யூரோ" என்றான்,
துடைத்தான்,
எனக்கும் ஒன்றை எடுத்து நீட்டினான்.